சம்மட்டிக்காரர் அங்கேயே நிற்கட்டும்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நான் வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாயாம், உன் அப்பா சொன்னார். சிக்னல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று நான்தான் வைத்துவிட்டேன். பேச்சில் பதில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "சரிம்மா, புரியுதும்மா" என்பாய். புரியாமலே வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை யாரிடமும் மறைக்க வேண்டாம். உன் பெரியப்பா வீட்டிலும் யாராவது அவருக்குப் படித்துக் காட்டட்டும். அவர் முகத்துக்கு நேரே நான் சொல்லத் தயங்குகிற சொல் ஒன்றுகூட இதில் இருக்காது.

கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்து பட்டறையை எடுத்து நடத்தப் போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷத்தை உன் அப்பாவிடம்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்குத் தோள் வலி வந்துவிட்டது. காலையில் கை விரல்கள் மடங்க நேரமாகிறது. புது ஷெட், தரையில் பதிக்கிற கல்லுக்குப் புது மெஷின் எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் அதோடு இன்னும் இரண்டு சொன்னாய். பெரியப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, நீ அரியலூருக்குப் போய்ப் பார்த்தாய், உன்னைப் பார்த்து அழுதார், திறப்பு விழாவுக்கு அவரைக் கூப்பிட்டுவிட்டாய் என்பது ஒன்று. "அவரு வர்றப்ப அந்தச் சிலை அங்க இருக்கக் கூடாதும்மா, எடுத்துருவோம்" என்பது இன்னொன்று. அதற்கும் மேலே, "எப்படியும் கலை வேற, பிசினஸ் வேறம்மா. வர்ற கஸ்டமருக்கு நாம என்ன செய்யிறோம்னே கொழப்பமாயிடும்" என்றாய். நீ போனில் அனுப்பிய பிளானையும் பார்த்தேன். என் கிளிகளும் யானைகளும் நிற்கிற இடத்தில் கார் பார்க்கிங் என்று போட்டிருக்கிறாய்.

நீ சொன்னதை நான் முதல்முறையாகக் கேட்கவில்லை. வேறு ஒருவர் வாயால், வேறு சொற்களில், இதே பேச்சை ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நீ ஸ்கூலில் இருந்தாய். அப்பா உனக்கு இரண்டு வரியில் சொல்லியிருப்பார். அவருக்கு எதையும் இரண்டு வரிக்கு மேல் சொல்ல வராது. நான் முழுதாகச் சொல்கிறேன்.

நான் கல்யாணமாகி வந்தபோது அரியலூர் பட்டறையில் கிணற்று உறையும் மாட்டுத் தொட்டியும் வேலிக்கல்லும் மட்டும்தான் செய்துகொண்டிருந்தார்கள். உன் தாத்தா ஆரம்பித்தது. அவருக்குப் பிறகு உன் பெரியப்பா நடத்தினார். போர்டில் அவர் பெயர், பில்லில் அவர் பெயர். உன் அப்பா டிராக்டர் ஓட்டிச் சரக்கை இறக்கிவிட்டு வருவார். நான் தா.பழூர்ப் பக்கம் வயல்வேலை பார்த்து வளர்ந்தவள், வெயிலுக்கும் சேற்றுக்கும் பயப்படாதவள். பட்டறையில் வேலை செய்கிற பெண்களோடு நானும் இறங்கி, கலவை போடுவதும் காய்ந்த கல்லுக்குத் தண்ணீர் விடுவதுமாக இருந்தேன். வீட்டு மருமகள் பட்டறையில் நிற்பதைப் பார்த்து உன் பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. சம்பளம் இல்லாத ஒரு ஆள் கிடைத்தால் யார்தான் சொல்வார்கள்?

சாயங்காலம் வேலை முடிகிறபோது சட்டியில் கொஞ்சம் கலவை மிஞ்சும். மறுநாள் வரை வைத்தால் இறுகிவிடும் என்று வேலிக்குப் பின்னால் கொட்டுவார்கள். அங்கே ஒரு சின்னக் குன்றே சேர்ந்திருந்தது. ஒருநாள் அந்த மிச்சத்தில் ஒரு கை எடுத்து உருட்டினேன். மூக்கு மாதிரி ஒன்று வந்தது. சாப்பாட்டுக் கரண்டியின் பின்பக்கத்தால் தடவித் தடவிக் கழுத்தை இழுத்தேன், சைக்கிள் கம்பியால் சிறகு கீறினேன். ஒரு கிளி உட்கார்ந்திருந்தது. நான் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை தம்பி. எனக்குள் அது எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைச் சுவர்மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைத்தேன். அன்றைக்கு உலை பொங்கி வழிந்தது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

குரும்பலூரிலிருந்து உறை வாங்க வந்தவர் ஒருவர் அந்தக் கிளியைப் பார்த்துவிட்டு, வீட்டு கேட்டுக்கு இரண்டு பக்கமும் வைக்க ஜோடியாக வேண்டும் என்றார். செய்து கொடுத்தேன். அவர் வீட்டைப் பார்த்து அடுத்த தெருவில் கேட்டார்கள். பிறகு மயில், யானை, மாடிச் சுவருக்குப் பூச்சாடி. காற்று வருகிற சிமெண்ட் ஜாலிக்கு மயில்தோகை மாதிரி ஒரு டிசைன் வரைந்து, மரத்தில் அச்சு செய்யச் சொன்னேன். அந்த ஜாலி வாங்கவே தனியாக ஆட்கள் வந்தார்கள். ஆரம்பத்தில் உன் பெரியப்பாவுக்கும் பெருமைதான். சொந்தக்காரர்கள் வந்தால், "நம்ம வூட்டுப் பொம்பளயோட கைத்தொழிலப் பாத்தீங்களா" என்பார். அந்த வருஷத்துக் காலண்டரில் என் ஜாலியைக் கையில் பிடித்தபடி அவர் படத்தைப் போட்டு, எங்கள் சொந்த டிசைன் என்று அச்சடித்தார். எனக்கு அப்போது அதுகூடத் தப்பாகத் தெரியவில்லை. ஒரே வீடுதானே என்று இருந்தேன்.

மாறியது எப்போது என்றால், பட்டறை வாசலில் வண்டியை நிறுத்துகிறவர்கள் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "கிளி செய்யிற அம்மா இருக்காங்களா?" என்று கேட்க ஆரம்பித்தபோது. அவர் சேரில் உட்கார்ந்திருப்பார். கட்டைவிரலால் பின்பக்கத்தைக் காட்டுவார். அந்தக் கட்டைவிரலை நான் கவனித்திருக்க வேண்டும்.

பட்டறையில் ராசாத்தி என்று ஒருத்தி என்னோடு வேலை செய்தாள். நாளெல்லாம் தலையில் கலவைச் சட்டி சுமப்பாள். வேலை முடிந்ததும் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, தலையிலிருந்த சும்மாட்டுத் துணியைப் பிரித்து உதறுவாள். அந்த ஒரு நொடி அவள் முகம் வேறு யாருடைய முகமோ மாதிரி இருக்கும். அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது. யாரும் கேட்டதில்லை, ஆர்டர் இல்லை, சாமி இல்லை, அம்மன் இல்லை. எனக்காக. கம்பி கட்டி, கோழிவலை சுற்றி, ஒரு கோடைகாலம் முழுக்க மிச்சக் கலவையிலேயே அவளை உட்கார வைத்தேன். முடிந்ததும் ராசாத்தி எதிரே நின்று பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஏங்க்கா, என் காலு இம்புட்டுக் கட்டையாவா இருக்கு?" என்று கேட்டாள். பிறகு சிலைக்குப் பக்கத்திலேயே அதே மாதிரி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். எழுந்திருக்க மனமில்லாமல் ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள்.

அந்த வாரம் அரும்பாவூர்ப் பக்கத்திலிருந்து பெரிய விவசாயி ஒருவர் தோட்டத்துக்கு வேலிக்கல் சொல்ல வந்தார். உன் பெரியப்பா விலை பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து போய் சிமெண்ட் ராசாத்தியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது யாரு செஞ்சதுங்க?" என்றார். உன் பெரியப்பா கட்டைவிரலைக் காட்டினார். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். திரும்பி உன் பெரியப்பாவிடம், "இப்படி ஒரு கைய வூட்டுல வச்சிக்கிட்டு நீங்க இன்னும் மாட்டுத் தொட்டி போட்டுக்கிட்டு இருக்கீங்களே" என்று சிரித்தார். உன் பெரியப்பாவும் சிரித்தார். வண்டி கிளம்புகிற வரை சிரித்துக்கொண்டே நின்றார்.

வண்டி போனதும் சட்டைக் கையை மடித்தார். சம்மட்டியை எடுத்தார். முதல் அடி ராசாத்தியின் முகத்தில் விழுந்தது. வேலையாட்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். கலவை மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கம்பி கட்டிச் செய்தது சுலபத்தில் விழாது தம்பி. அவர் அடித்துக்கொண்டே இருந்தார், கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு, இடுப்பு பெல்ட்டுக்கு மேல் வயிறு குலுங்கக் குலுங்க. மூச்சு வாங்க நின்றபோது சொன்னார்: "யாவாரம் பண்ற எடத்துல யாவாரம்தான் பண்ணணும். பொம்மை வெளையாடணும்னா ஒங்கப்பன் வூட்டுல போயி வெளையாடு."

உயிருள்ள ராசாத்தி தொட்டி ஓரத்தில் நின்றிருந்தாள். தன் முகத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

உன் அப்பா டிராக்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார். அண்ணன் என்றால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். உன் பெரியப்பா உள்ளே போன பிறகு அவர் வந்து துண்டுகளைப் பொறுக்கித் தட்டில் போட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "நாளைலேர்ந்து நான் இங்க வரல" என்றேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நானும் வரல" என்றார். அவரை நான் மன்னித்தது அந்த 'நானும்' என்ற ஒரு சொல்லுக்காகத்தான்.

பங்கு என்று எங்களுக்கு வந்தது இப்போது நீ ஷெட் போடப் போகிற இந்த இடம்தான். பெரம்பலூர் ரோட்டோரம், அன்றைக்கு வெறும் கருவேலங்காடு. அச்சு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. நான் வரைந்த மயில்தோகையும் அங்கேயே இருந்துவிட்டது. அதை அவர் கடைசிவரை தன் டிசைன் என்றே விற்றார். நீ அப்போது சின்னப் பையன். புது இடத்தில் தண்ணீர் இல்லை, கரண்டு இல்லை. சுண்ணாம்புக்கல் லாரி போகும்போதெல்லாம் தூசி சோற்றில் வெள்ளையாகப் படியும். இதையெல்லாம் கஷ்டம் என்று சொல்ல நான் எழுதவில்லை. அந்த இடத்தில் நான் செய்த முதல் காரியம் என்ன என்று உனக்குச் சொல்லவே எழுதுகிறேன். கல் அடுக்குவதற்கு முன்னால், ரோட்டுப் பக்கம் பார்த்து ஒரு யானையைச் செய்து நிறுத்தினேன். உன் அப்பா, "மொதல்ல விக்கிற பொருளப் போடுவோமே" என்றார். "இதப் பாத்துட்டுத்தான் அத வாங்க வருவாங்க" என்றேன். வந்தார்கள். யானையைப் பார்க்க நின்றவர்கள் ஹாலோ பிளாக் சொல்லிவிட்டுப் போனார்கள். வீடு கட்டுகிறவனுக்குக் கல் எங்கேயும் கிடைக்கும் தம்பி. தன் வீடு பக்கத்து வீடு மாதிரி இருக்கக் கூடாது என்கிற ஆசையோடு வருகிறவனுக்கு நம்மைத் தவிர இந்த ரோட்டில் யாரும் இல்லை. அந்த ஆசையை நீ கார் பார்க்கிங்குக்கு அடியில் புதைக்கப் பார்க்கிறாய்.

வேலை நன்றாக நடக்க ஆரம்பித்த பிறகும் என் நெஞ்சில் அந்தச் சம்மட்டி விழுந்துகொண்டேதான் இருந்தது. காலம் போனால் ஆறிவிடும் என்றார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை. ராசாத்தியைத் திரும்பச் செய்து பார்த்தேன், வரவில்லை. கை ஓடியது, முகம் வரவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் செய்ய வேண்டியது அவளை அல்ல.

நீ ஹாஸ்டலுக்குப் போன வருஷம், ஐப்பசி மழையில் வேலை குறைந்த நாட்களில் ஆரம்பித்தேன். முழு ஆள் உயரம். காலை அகட்டி நின்று சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கிய மனிதர். கடித்த கீழ் உதடு. பின்னால் வாரிய முடி. காது மடலில் முடிக்கற்றை. பெல்ட்டுக்கு மேல் வயிறு. சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடிக் கூடு. ஒரு சட்டைக் கை மற்றதைவிட ஒரு மடிப்பு அதிகமாக மடித்திருக்கும். எனக்கு எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணை மூடினால் மயிர் மயிராகத் தெரிந்தது. கோபம் கையை நடுங்க வைக்கும் என்பார்கள். என் கை அந்த வேலையில் இருந்த மாதிரி அதற்கு முன்னாலும் பின்னாலும் நிதானமாக இருந்ததில்லை. நான் செய்தவற்றிலேயே நல்ல வேலை அதுதான். வெறுப்பில் செய்தது அத்தனை நன்றாக வருமா என்று நீ கேட்பாய். வந்தது. போய்ப் பார்.

அதை பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில், ரோட்டைப் பார்க்க நிறுத்தினேன். அவர் காலடியில், சம்மட்டி விழ வேண்டிய இடத்தில், ஒன்றும் வைக்கவில்லை. வெறும் தரை. "என்னத்தங்க ஒடைக்கிறாரு?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். "தெரியலிங்க, அவரத்தான் கேக்கணும்" என்பேன். அரியலூர் ஆட்கள் பஸ்ஸிலிருந்தே அடையாளம் கண்டுவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் கண்டக்டர்கள் நம் ஸ்டாப்பின் பெயரையே மாற்றிவிட்டார்கள். சம்மட்டிக்காரர் ஸ்டாப்பு எறங்கு என்று அவர்கள் கத்தி விசில் அடிக்கிற சத்தம் எனக்குச் சமையலறை வரை கேட்கும். பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப்பேர் ஏதாவது வாங்காமல் போனதில்லை. அந்த வருஷம்தான் நாம் இரண்டாவது மெஷின் போட்டோம். கலை வேறு, பிசினஸ் வேறு என்றாயே. நான் பழி வாங்கியது, வியாபாரம் செய்தது, சிலை செய்தது மூன்றும் ஒரே வேலையாகத்தான் நடந்தது. எது எங்கே முடிந்தது என்று எனக்கே பிரிக்கத் தெரியாது.

அவர் வருவார் என்று எனக்குத் தெரியும். காத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில், ஆபீஸ் போகிறவர்களும் காலேஜ் பிள்ளைகளும் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில், புல்லட்டை நிறுத்திவிட்டு இறங்கினார். சிலைக்கு முன்னால் நின்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது யாரு?"

"வாங்க மாமா. டீ சொல்லட்டுமா?"

"டீயும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இது யாருன்னு கேட்டேன்."

"யாருமில்ல மாமா. சம்மட்டிக்காரரு."

"என் மூஞ்சிய வச்சிருக்க."

"நான் அப்படி யார்கிட்டயும் சொல்லலியே. நீங்கதான் சொல்றீங்க."

"ஊரே சொல்லுது!"

"ஊரு எப்படிச் சொல்லும்? நீங்க சம்மட்டியத் தூக்குனது பட்டறைக்குள்ள. ஊரு பாக்கலியே மாமா."

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. "மரியாதையா எடுத்துரு. இல்ல, நானே ஒடைப்பேன்."

நான் உள்ளே போனேன். நம் பெரிய சம்மட்டியை எடுத்து வந்து, இரண்டு கையாலும் தாங்கி, தாம்பூலம் கொடுக்கிற மாதிரி அவரிடம் நீட்டினேன். "இந்தாங்க மாமா. நல்லா ஒடைங்க. ஒங்களுக்குப் பழக்கந்தான்."

அவர் வெடுக்கென்று பிடுங்கினார். காலை அகட்டினார். தலைக்கு மேல் தூக்கினார். அந்த நேரம் பார்த்து பெரம்பலூர் பஸ் வந்து நின்றது. எதிரும் புதிருமாக இரண்டு பேர், ஒரே மாதிரி சட்டைக் கை, ஒரே மாதிரி உதட்டுக் கடி, ஒரே மாதிரி தூக்கிய சம்மட்டி. ஒருவர் சிமெண்ட், ஒருவர் சதை. முதலில் சிரித்தது யார் தெரியுமா? பஸ்ஸில் இருந்தவர்கள் இல்லை. சரக்கு ஏற்றுகிற குட்டியானை வண்டியில் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த உன் அப்பா. அண்ணனுக்கு முன்னால் வாழ்நாளில் ஒரு தடவை அவர் வாய் திறந்தது அப்போதுதான், அதுவும் சிரிப்பாக. அடக்கப் பார்த்து அடக்க முடியாமல், தலையை ஸ்டீயரிங்கில் முட்டிக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு பஸ் முழுக்கச் சிரித்தது. "யோவ், சம்மட்டிக்காரரு ரெண்டாயிட்டாருய்யா!" என்று கண்டக்டர் கத்தினார்.

உன் பெரியப்பா மெதுவாகக் கையை இறக்கினார். சம்மட்டியைத் தூக்கி எறியவில்லை. குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி தரையில் வைத்தார். புல்லட் முதல் உதையில் கிளம்பவில்லை, இரண்டாவதிலும் கிளம்பவில்லை. நான் நகராமல் நின்று பார்த்தேன். அந்த நேரம் எனக்கு இனித்தது தம்பி. அதை மறைத்து உனக்கு நல்லவளாக எழுத எனக்கு இஷ்டமில்லை. பாயசம் மாதிரி இனித்தது.

அதற்குப் பிறகு அவர் இந்த ரோட்டில் வந்ததில்லை. பெரம்பலூர் போக வேண்டுமென்றால் ஊர்களைச் சுற்றிக்கொண்டு போனார். மேஸ்திரிகள் அவர் பட்டறைக்குப் போய் வேலிக்கல் பேசும்போது அவர் சட்டைக் கையைப் பார்த்துச் சிரிப்பை அடக்குவார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒருவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டால், அவரிடம் பயந்து பயந்து வியாபாரம் செய்கிற பழக்கம் போய்விடும். அவருக்கு இருந்த பெரிய முதல் அந்தப் பயம்தான். பட்டறை கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்து, பிறகு மூடிவிட்டார்கள்.

உன் பெரியப்பா மகள் கல்யாணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீ அதை மனதில் வைத்துக்கொண்டுதான் என்னோடு சில மாதம் சரியாகப் பேசவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் உன் பெரியம்மா தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினார். "மாப்பிள்ள வூட்டுக்காரங்க இந்த வழியாத்தான் வராங்க. ஒரு நாளைக்கு மட்டும் சாக்கப் போட்டு மூடு தாயி" என்றார். "அக்கா, அவரு ஒடைச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன். "அடுப்படியில இருந்தேன்." "சத்தம் கேட்டுச்சா?" "கேட்டுச்சு." "வெளிய வந்தீங்களா?" காபி கொடுத்து அனுப்பினேன். மூடவில்லை. மாப்பிள்ளை வந்த வேன் நின்றது. பையன்கள் இறங்கி, யார் என்று தெரியாமலே, சம்மட்டிக்காரரின் இடுப்பில் கைபோட்டு செல்ஃபி எடுத்தார்கள். நடுவில் மாப்பிள்ளை. கல்யாண மண்டபத்தில் அந்தப் படம் கைமாறிக் கைமாறி மணப்பெண் கைக்கே போனதாம். அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யாதவள். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மூடவில்லை. என் ராசாத்தியும் ஒரு தப்பும் செய்யவில்லை.

இப்போது அவர் அழுதார் என்கிறாய். எதற்கு அழுதார் என்று கேட்டாயா? கை வரவில்லையே என்று அழுதாரா, பட்டறை போச்சே என்று அழுதாரா? "ஒங்கம்மா செஞ்சத நான் ஒடைச்சிட்டேன்" என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததா? வந்திருந்தால் நீ போனில் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பாய். நீ சொல்லவில்லை. பாயில் கிடக்கிறவரைப் பார்த்து இரக்கப்படுவது உன் நல்ல குணம். அதை நான் கெடுக்க மாட்டேன். பழம் வாங்கிக்கொண்டு போ, காலைப் பிடித்துவிடு, மாத்திரை வாங்கிக் கொடு. உன் இரக்கத்துக்கு என் வேலையை விலையாகக் கொடுக்காதே, அவ்வளவுதான்.

உன்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீ சின்ன வயதில் ஈரக் கல்லில் ஆணியால் மூஞ்சி வரைவாய். உம்மென்ற மூஞ்சி, பல் இளிக்கிற மூஞ்சி, மீசைக்காரன் மூஞ்சி. உன் அப்பா திட்டுவார். நான் அந்தக் கற்களைத் தனியாக எடுக்காமல் மற்றதோடு சேர்த்தே லோடு ஏற்றி அனுப்பினேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீட்டுச் சுவரில் பூச்சுக்கு உள்ளே உன் மூஞ்சிகள் இருக்கின்றன. கோயம்புத்தூரில் ஒரு கட்டடத்துக்கு முன்சுவரை மேடும் பள்ளமுமாக, உழுத கரிசல் காடு மாதிரி நீ வரைந்து காட்டியதும், உன் மேலதிகாரி எல்லார் முன்னாலும் அதைத் திருப்பிப்போட்டு "இதெல்லாம் வீட்ல வச்சி வெளையாடுப்பா" என்று சொன்னதும் நீயே என்னிடம் சொன்னதுதான். அன்றைக்கு உன் குரல் இறங்கியிருந்தது. அந்த வேலையை விட்டு வருவதற்கு வேறு ஆயிரம் காரணம் சொல்கிறாய். எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.

அப்படி வெளியே வந்தவன், வந்ததும் முதல் வேலையாக அந்த ஆள் பேசியதையே என்னிடம் பேசுகிறாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சிலையை எடுக்கச் சொன்னதுகூட இல்லை.

ஆகவே பட்டறையை உன் கையில் கொடுக்கிறேன், இந்தப் பேச்சோடு கொடுக்கிறேன். மெஷினை ஓட்டு, பில் போடு, கடன் கேட்டு வருகிறவனிடம் கறாராக இரு. அதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாக வரும். ஆனால் ஷெட்டின் முன்சுவரை நீ அன்றைக்கு வரைந்த மாதிரியே மேடும் பள்ளமுமாகக் கட்டு. அதற்கு அச்சு நான் செய்து தருகிறேன், தோள் வலித்தாலும் செய்து தருகிறேன். அந்தப் படத்தைத் திருப்பிப்போட்டவர் என்றாவது இந்த ரோட்டில் காரில் போக நேரிட்டால் கண்ணாடியை இறக்கிப் பார்க்கட்டும். மனதுக்குள் அப்படி ஒருவரை வைத்துக்கொண்டு வேலை செய்து பார், கை எப்படி ஓடுகிறது என்று உனக்கே தெரியும். மற்ற தாய்மார்கள் பிள்ளைகளுக்கு மறந்துவிடு, மன்னித்துவிடு என்று எழுதுவார்கள். அப்படி எழுத எனக்கு வரவில்லை.

சிலை நிற்கிற அந்த மூலையை மட்டும் என் பெயரிலேயே வைத்துக்கொள்கிறேன். பத்திரத்தில் அப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறேன். உன் அப்பாவிடம் கேட்டேன். "பையன் சொல்றதும் ஞாயந்தான். ஆனா எடுக்க வேணாம்" என்றார். வழக்கம்போல இரண்டு வரி.

பெரியப்பாவைத் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டது கூப்பிட்டதாகவே இருக்கட்டும். கூப்பிட்டவரை வர வேண்டாம் என்று சொல்வது நம் வீட்டு வழக்கம் இல்லை. கார் வைத்து, சுற்று வழியில் போகாமல், நேர் ரோட்டிலேயே கூட்டிக்கொண்டு வா. நான் ஒரு வார்த்தை தப்பாகப் பேச மாட்டேன். கையைப் பிடித்து இறக்கிவிடுகிறேன், சால்வை போடுகிறேன், காபியை ஆற்றி என் கையாலேயே குடிக்க வைக்கிறேன். அவரால் நிற்க முடியாது, கழுத்தையும் ஒரு பக்கம் திருப்ப முடியாது என்றாய். அதைப் பற்றி நீ கவலைப்படாதே. நல்ல சாய்வு நாற்காலியாக ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். அதை எங்கே, எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்று எனக்குத் தெரியும்.

அம்மா